பதினோரு வினாடி

உள்ளே என் படம் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். விதி அப்படி. சென்சார் பார்க்கும்போது டைரக்டரும் தயாரிப்பாளரும் உள்ளே இருக்கக் கூடாது. ஓர் அதிகாரி, நாலு உறுப்பினர்கள், மேலே புரொஜெக்டர் அறையில் ஓர் ஆள், அவ்வளவுதான். படம் முடிந்ததும் தங்களுக்குள் பேசிவிட்டு நம்மைக் கூப்பிடுவார்கள். இந்த நேரத்தைப் பிரசவ வார்டு வாசல் என்று சினிமாக்காரர்கள் பேட்டிகளில் சொல்வார்கள். எனக்கு அப்படியெல்லாம் இல்லை, பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை மாதிரிதான் இருக்கிறது. ரெண்டு பத்துக்குப் படம் போட்டார்கள். அந்த ஷாட் சரியாக ஒரு மணி நாற்பத்தோராவது நிமிஷத்தில் வருகிறது. ஆக, மூணு ஐம்பத்தொன்று. சுவரில் இருக்கிற கடிகாரம் ரெண்டு இருபது காட்டுகிறது, அது சரியாக ஓடுகிறதா என்று என் போனைப் பார்த்தேன், போனிலும் ரெண்டு இருபதுதான். மூணு நாற்காலி. நடுவில் நான். இடது பக்கம் தயாரிப்பாளர் வைரக்கண்ணு அண்ணன், வெள்ளைச் சட்டை, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், தூங்கவில்லை. வலது பக்கம் சம்பங்கி, கைத்தடியைத் தொடைக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, மடியில் ஃபைல் கட்டோடு. அவனைத்தான் நான் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன். அந்த ஷாட்டில் விழுகிறவன் அவன்தான்.

அந்த ஷாட் வேண்டாம் என்றால் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கூப்பிடுவார்கள், உள்ளே போவோம், இதை எடு அதை மூடு என்பார்கள், அப்போது நானே வாயைத் திறந்து, ஐயா, இந்த ஷாட்டை நானாகவே வெட்டி எடுத்துவிடுகிறேன் என்று சொன்னால் முடிந்தது. சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்த பிறகு ஒரு ஃப்ரேமைத் தொடுவதென்றாலும் மறுபடி மனு, மறுபடி படம் போடு, ரிலீஸ் தேதிக்கு இருக்கிறது பத்தே நாள், அண்ணன் என்னைக் கொன்றுவிடுவார். எடிட்டர் ரெஜினாவிடம் அந்த ஷாட் இல்லாத ஒரு வெர்ஷனும் இருக்கிறது. ஏன் சார் இப்படி ஒண்ணு என்று கேட்டாள், சும்மா இருக்கட்டும்மா என்றேன். சும்மா என்று எதற்காவது மனுஷன் ராத்திரி பூராவும் விழித்திருப்பானா என்று அவள் கேட்கவில்லை. "சார், டீ சொல்ட்டா?" என்றான் சம்பங்கி. வேண்டாம் என்றேன். "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஏசிலகூட வேர்க்குது உங்களுக்கு." ஒண்ணுமில்லப்பா. "எதுனா கட் குடுப்பாங்களா சார்?" தெரியலியே. "என் ஷாட்ல கை வெக்க மாட்டாங்க இல்ல?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், கன்னம் இழுத்தது. பதினேழு வருஷம் ஹீரோக்களுக்கு டூப் போட்டவன் சம்பங்கி. மாடியிலிருந்து குதித்தது அவன், முகம் வேறு ஒருவருடையது. கண்ணாடியை உடைத்தது அவன், பேர் வேறு ஒருவருக்கு. முதுகையும் பின்னந்தலையையும் தவிர அவனை எந்தப் படத்திலும் யாரும் பார்த்ததில்லை. என் படத்தில்தான் முதன்முதலாக ஓர் அடியாளாக, அவன் முகத்தோடேயே விழுந்தான். "டீசர்ல பாதிதான் சார் காட்னீங்க. நா மேலேர்ந்து வுயறது மட்டும்தான் வருது. அப்பால மூஞ்சி கிட்டக்க தெரியுதாமே? ரெஜினா மேடம் சொன்னாங்க. எம் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்குது, கிளாஸ் பூரா சொல்லி வெச்சிக்கீது. மொத நாள் மொத ஷோ இட்டுனு போறேன்." நல்லதுப்பா என்றேன். நல்லதுப்பாவாம். வேறென்ன சொல்ல.

உள்ளேயிருந்து திம் திம் என்று வருகிறது, மார்க்கெட் துரத்தல். கதவு சத்தத்தை வெட்டி அடித்தொண்டையை மட்டும் வெளியே விடுகிறது. அதை வைத்தே எந்த சீன் என்று சொல்லிவிடுவேன். என் வாழ்க்கையையும் இப்படித்தான் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேனோ. சரி, இந்த மாதிரி வசனமெல்லாம் எழுதித்தான் ரெண்டாவது படம் படுத்தது. முதல் படம் ஓடியது. அது ஓடியதற்குக் காரணம் ஒரு தும்மல். இதை எந்தப் பேட்டியிலும் நான் சொன்னதில்லை. கதாநாயகி கணவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும், ஷாட் முடிந்தது, நான் கட் சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல் வந்து முட்டிக்கொண்டு நின்றது, தும்மவும் முடியவில்லை சொல்லவும் முடியவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஷாட் முடிந்துவிட்டது என்று நினைத்து, சுவரோரம் போய், புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, யாருமில்லாத பக்கமாகப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான். படம் பார்த்தவர்களெல்லாம் அந்தப் பெருமூச்சைத்தான் பேசினார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள். நான் மேதையாகிவிட்டேன். நடிப்பு முடிகிற இடத்தில்தான் உண்மை ஆரம்பிக்கிறது, அதனால் நான் சீக்கிரம் கட் சொல்ல மாட்டேன் என்று மேடைக்கு மேடை அளந்தேன். கட் சொல்லாத டைரக்டர் என்று பேரே வந்தது. பிறகு நானே அதை நம்பவும் ஆரம்பித்தேன். நம்பினது பெரிய தப்பு. உதவி டைரக்டர்களுக்கெல்லாம் கண்டிப்பான உத்தரவு, நான் சொல்லாமல் யாரும் கட் என்று மூச்சு விடக் கூடாது. தும்மலை வைத்து ஒரு சித்தாந்தம் கட்டியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரெண்டாவது படம் வெள்ளிக்கிழமை காலையில் வந்து அன்று மத்தியானமே போய்விட்டது. பெரிய நடிகர், பெரிய செட். மேட்னிக்குத் தியேட்டர் வாசலில் நின்றேன். ஓர் ஆள் வெளியே வந்து, என்னைத் தெரியாமல் என்னிடமே, "உள்ள போயிடாதீங்க பாஸ்" என்றான். அவன் நல்லவன். அதற்கப்புறம் ஒன்பது வருஷம். ஒன்பது வருஷத்தில் ஒரு டைரக்டர் என்ன செய்வான்? கதை சொல்வான். ஹோட்டல் லாபியில், காருக்குள், ஒரு முறை ஒரு தயாரிப்பாளரின் வாக்கிங்கில் கூடவே நடந்துகொண்டு, அவர் வேகமாக நடப்பார், இடைவேளைத் திருப்பத்துக்கு வரும்போது எனக்கு மூச்சு இரைத்தது, அவர் நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பாராட்டினார். அடுத்தவர்கள் படத்துக்குப் பேரில்லாமல் வசனம் எழுதினேன். சனிக்கிழமைகளில் ஒரு கல்லூரியில் போய் நீண்ட ஷாட்டின் அழகியல் என்று பாடம் எடுத்தேன். கல்யாண வீடுகளில், இப்போ என்ன படம் சார் என்று கேட்பார்கள், டிஸ்கஷன் போய்க்கிட்டிருக்கு என்பேன். அந்த ஒன்பது வருஷத்தில் என் போன் அடித்தால் நான் மூணாவது மணியில்தான் எடுப்பேன், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியக் கூடாதல்லவா. வைரக்கண்ணு அண்ணன் கூப்பிட்டபோதும் மூணு மணி அடிக்க விட்டேன். "தம்பி, சண்டைப் படம் ஒண்ணு பண்றியா?" என்றார். எனக்குச் சண்டை எடுக்கத் தெரியாது. பண்றேண்ணே என்றேன்.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர் அண்ணன். வெளியூர் ஷூட்டிங்குகளில் சமையல் கோஷ்டியோடு அடுப்படியில் ஆரம்பித்து, புரொடக்ஷன் மேனேஜராகி, கடைசியில் தயாரிப்பாளர். இன்றைக்கும் யூனிட் சாப்பிடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டுத்தான் பந்தியைத் திறக்கச் சொல்வார். சண்டை எடுக்கிற நாளில் ஸ்டண்ட் ஆட்களுக்கு ஆளுக்கு ரெண்டு முட்டை, வாழைப்பழம், அதை அவரே கையில் கொடுப்பார். படம் ஓடினால் ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுவார், ஓடாவிட்டால் ஆறு மாதம் யார் கண்ணிலும் பட மாட்டார். சம்பங்கி விழுந்த அன்றைக்கு ஆம்புலன்ஸில் கூடவே ஏறிப் போனவர் அவர். ஆபரேஷன், ஆறு மாதப் படுக்கை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார், இனி சண்டை போட முடியாது என்று டாக்டர் சொன்னதும் ஆபீஸில் வேலை கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நான் ரெண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டாவது முறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். முதுகெலும்பு உடைந்தவனுக்கு ஆப்பிள். அப்போது சம்பங்கி சொன்னான், "நீங்க மனச போட்டு ஒயப்பிக்காதீங்க சார். நீங்க தள்ளி டென்ட்ல இருந்தீங்க, உங்களுக்கு அங்கேர்ந்து இன்னா தெரியும்? தெரிஞ்சிருந்தா ஓடியாந்திருப்பீங்க." அந்த ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மூடிக்கிடந்த நூற்பாலை. காலையில் ஸ்டண்ட் மாஸ்டர் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார், நானும் அங்கேதான் நின்றேன், காபி டம்ளரோடு. மாடித் தளத்தில் ஓட்டை, அது வழியாக அடியாள் கீழே விழ வேண்டும், இடுப்பில் கயிறு, கயிற்றைப் பின்னாலிருந்து நாலு பேர் பிடித்திருப்பார்கள், தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது இழுத்து நிறுத்தி மெதுவாக விடுவார்கள். "வுழுந்ததும் அசையாம கெடக்கணும், கட் கேட்டப்புறந்தான் எந்திரிக்கணும். அடிபட்டுச்சுன்னா உள்ளங்கைய விரிச்சுத் தூக்கு. கையப் பாத்தா யாரா இருந்தாலும் கட் சொல்லலாம்" என்றார் மாஸ்டர். யாராக இருந்தாலும். இடிபாட்டுக்குள் தரையோடு தரையாக ஆளில்லாத ஒரு கேமரா, விழுந்தவன் முகத்துக்கு நேராக. கயிறு பிடித்தவர்களுக்கு அவன் முதுகுதான் தெரியும். முகமும் அந்தப் பக்கத்துக் கையும் தெரிந்தது அந்தக் கேமராவுக்கு மட்டும், அது பார்ப்பதைக் காட்டுகிற மானிட்டர் இருந்தது டென்ட்டுக்குள், டென்ட்டுக்குள் இருந்தது நான் மட்டும். விழுந்தான். கயிறு ஒரு நொடி தாமதம். சத்தம் எப்போதும் கேட்கிற சத்தம் மாதிரிதான் இருந்தது. அவன் முகம் மானிட்டரை நிறைத்தது, கண் திறந்திருந்தது, எனக்கு உடம்பு சிலிர்த்தது, இவனை இத்தனை வருஷம் முகமில்லாமல் வைத்திருந்தார்களே, என்ன நடிகன் என்று நினைத்தேன். அப்போது விரல்கள் அசைந்தன. வாக்கிடாக்கியில் உதவி டைரக்டர், "சார், கட் சொல்லிடலாமா?" என்றான். "இரு" என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். இரு.

நாலாவது வினாடியில் விரல்கள் அசைகின்றன. அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஏழாவது வினாடியில் உள்ளங்கை விரிந்து தரையிலிருந்து நாலு விரற்கடை எழும்புகிறது. அப்போது தெரியும். இதைத்தான் என்னால் சுற்றிக்கொண்டு போக முடியவில்லை. எடிட்டிங் அறையில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன், ஒவ்வொரு முறையும் ஆறாவது வினாடியில் நான் நல்லவன், ஏழாவதில் இல்லை. தெரிந்தது, காலையில் மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது, கூடவே கை தூக்கியிருக்கிற அந்த ஃப்ரேமும் கண்ணில் விழுந்தது, உடைந்த ஜன்னல் வெளிச்சம் உள்ளங்கையில் பட்டு, ஒன்பது வருஷமாக நான் கல்லூரியில் வாய் கிழியச் சொல்லிக்கொடுத்தது அங்கே இருந்தது, இன்னும் கொஞ்சம், அது கீழே விழட்டும், விழுகிறதையும் எடுத்துவிடுவோம். எட்டு. ஒன்பது. பத்து. கை விழுந்தது. கட் என்றேன். கட் மட்டும் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, "கட்! சூப்பர்!" என்றேன். ஆபத்தான ஷாட் முடிந்ததும் யூனிட்டே கை தட்டுவது எங்கள் வழக்கம், விழுந்தவன் எழுந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கும்பிடு போடுவான். எல்லாரும் தட்டினார்கள். அவன் எழவில்லை. கைதட்டல் பின்னாலிருந்து ஒவ்வொருவராக நின்றது. நான் டென்ட்டை விட்டு ஓடினேன், எல்லாரையும்விட வேகமாக ஓடினேன், டைரக்டர் எப்படித் துடித்துப்போனார் பாருங்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்த நாலு வினாடி அவனுடைய முதுகெலும்பை உடைக்கவில்லை, அது முன்பே உடைந்துவிட்டது, டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டும் பார்த்துவிட்டேன். உடைக்கவில்லை. ஆனால் நாலு வினாடி அவன் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான், நானும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூணு நாற்பத்தெட்டு. வைரக்கண்ணு அண்ணன் கண்ணைத் திறந்தார். "இப்ப மில்லு சண்டை போய்க்கிட்டிருக்கும், இல்லையாய்யா?" ஆமாண்ணே. "மாடு ஒண்ணு குறுக்க ஓடுமே, அதுக்கு வாங்குன அனுமதி லெட்டர் இருக்குல்ல?" என்றார். "கீது மொதலாளி" என்று சம்பங்கி ஃபைலைத் தட்டிக் காட்டினான். மாட்டுக்குக் கடிதம் உண்டு, எந்த மிருகமும் துன்புறுத்தப்படவில்லை என்று முதல் கார்டிலேயே போட்டிருக்கிறோம். அதைச் சம்பங்கிதான் பத்திரமாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். அவன் படம் பார்ப்பான். முதல் நாள், முதல் காட்சி, மகளோடு. தன் முகத்தைப் பார்ப்பான், மகள் கையைப் பிடித்துக் குதிப்பாள், ஏழாவது வினாடியில் தன் உள்ளங்கையைப் பார்ப்பான், கேமராவுக்குத் தெரிந்திருக்கிறது என்று புரியும், கேமராவுக்குத் தெரிந்தால் மானிட்டருக்குத் தெரியும், பதினேழு வருஷம் செட்டில் கிடந்தவனுக்கு இதைக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும். மாஸ்டர் டப்பிங்கின்போது பார்த்தார். பார்த்துவிட்டுத் திரையை விட்டு என்னைப் பார்த்தார். அடுத்த படத்துக்கு ஹைதராபாத் போய்விட்டார், அதற்கப்புறம் என் போனை எடுப்பதில்லை. ஷாட்டை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்தவன் வலியைக் காசாக்கக் கூடாது என்று நினைத்தேன், எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்கவும் அழகாக இருக்கும். பயம் என்பதற்கு மனசாட்சி என்று பேர் வைத்துக்கொள்கிறேன், எனக்கே தெரிகிறது. மூணு ஐம்பத்தொன்று. திம் திம் நின்றது. அந்த ஷாட்டில் சத்தமே வேண்டாம் என்றவள் ரெஜினா. கதவுக்கு அந்தப் பக்கம் முழு அமைதி. ஒன்று, ரெண்டு, மூன்று. "சார், ஒரு விசியம் கேக்கணும்னு இர்ந்தேன்" என்றான் சம்பங்கி. ஐந்து. என்ன? "கார்டுல பேர் போடச்சொல்லோ, சம்பங்கின்னு மட்டும் போடாம, எங்கப்பா பேரும் சேத்து போட முடியுமா? மு. சம்பங்கின்னு?" ஒன்பது. போட்டுடலாம்ப்பா. பதினொன்று. உள்ளே யாரோ இருமினார்கள், மறுபடி திம் திம்.

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. அண்ணன் என்னை வராந்தாவின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "நீ என்னமோ பண்ணப்போற. அடுப்படில நின்னவன்யா நான், பாலு பொங்கப்போறது எனக்கு முன்னாடியே தெரியும். ரெஜினாகிட்ட இன்னொரு வெர்ஷன் எதுக்கு?" சொன்னேன். ஷாட்டை எடுத்துவிடலாம் என்று நினைப்பதை மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. அவன் கஷ்டப்பட்டதைக் காட்டிக் கைதட்டல் வாங்க வேண்டாம் என்றேன். "அவன கேட்டியா?" என்றார் அண்ணன். இல்லை. "அந்த ஷாட்டுதான்யா படம். அது எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும். ஒன்பது வருசம் சும்மா ஒக்காந்திருந்தவன், இதுவும் போச்சுன்னா எங்க போவ? நானும் எத்தன தடவ திரும்பி எந்திரிப்பேன்?" பயமாக இருந்தது. படம் விழுந்துவிடுமோ என்றும் பயம், ஓடிவிடுமோ என்றும் பயம். ஓடினால் ஊர் முழுக்க அந்தக் கையைத்தான் பேசும், மேடை போட்டு என்னைக் கேட்பார்கள், அந்தக் கை எப்படி சார் வந்தது என்று, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடிப்பு முடிகிற இடத்தில் என்று ஆரம்பிப்பேன். ஆரம்பிப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

அஞ்சு மணிக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார், நல்ல மனிதர். ரெண்டு கெட்ட வார்த்தைக்குச் சத்தத்தை நிறுத்துங்கள், ஒரு கழுத்தறுப்பைக் குறையுங்கள், புகை பிடிக்கிற இடத்தில் எச்சரிக்கை வாசகம் பெரிதாக, மாட்டுக் கடிதம் சரியாக இருக்கிறது. ஓர் உறுப்பினர் அம்மா, "அந்த மில்லுல ஒருத்தர் விழுவாரே, கை தூக்குவாரே, என்னால பாக்கவே முடியலை சார். எப்படி நடிக்க வெச்சீங்க?" என்று கேட்டார். அதை வெட்டச் சொல்லவில்லை, பாராட்டினார். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்தார். உங்க பக்கத்திலேர்ந்து ஏதாவது உண்டா என்றார் அதிகாரி, வழக்கமாகக் கேட்பதுதான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "அந்த ஷாட்டை நானாவே எடுத்துடறேன் சார்" என்றேன். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெட்டாதீர்கள் என்று கெஞ்சுகிறவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும். "நாங்க கேக்கலையே" என்றார் அதிகாரி. தெரியும் சார், பதினோரு வினாடி, எழுதிக்குங்க. அண்ணன் எழுந்து கதவைத் திறந்துகொண்டு எனக்கு முன்னால் வெளியே போனார். நான் நன்றி சொன்னேன், யாருக்கு எதற்கென்று தெரியவில்லை, சொல்லிவிட்டு வந்தேன். மார்பிலிருந்து கல் இறங்கிய மாதிரி இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

வெளியே அண்ணன் அவனிடம் சொல்லியிருந்தார். சம்பங்கி தடியை ஊன்றி எழுந்து நின்றுகொண்டிருந்தான். "இன்னா சார், அவங்க வாணாம்னாங்களா?" இல்லப்பா. நான்தான். "ஏன் சார்? நா நல்லா பண்லியா?" அதைக் கேட்டிருக்க வேண்டாம் அவன். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், மனசாட்சிக் கதையை அவிழ்த்துவிட்டிருப்பேன். "என் மூஞ்சி தெரியற ஒரே ஷாட்டு சார் அது. ஒடம்ப குட்த்து வாங்கினது. எம் பொண்ணுக்கு இன்னா சொல்வேன்?" என்றான். "நான் பாத்தேன் சம்பங்கி" என்றேன். எத? "உன் கையை. மானிட்டர்ல தெரிஞ்சுது. மாஸ்டர் சொன்னதும் ஞாபகம் வந்துது. தெரிஞ்சப்புறமும் நாலு செகண்டு நான் கட் சொல்லலை. ஷாட் நல்லா வந்துக்கிட்டிருந்துது." அண்ணன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். சம்பங்கி என்னையே பார்த்தான், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "நீங்க பாக்கலன்னு நெனச்சிக்கினுதான் சார், இத்தினி நாளா நா தூங்கினு இர்ந்தேன்" என்றான்.

சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். என்னிடமிருந்து இறங்கி அவன்மேல் ஏறிக்கொண்டது, வேறொன்றும் நடக்கவில்லை. அவன் முகத்தையும் படத்திலிருந்து எடுத்தேன், அவனிடம் மிச்சமிருந்த தூக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். மன்னிச்சுடுப்பா என்று ஆரம்பித்தேன். "வுடு சார் அத்தெல்லாம்" என்றான், சத்தம் போடவில்லை. எழுந்தபோது மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்த ஃபைலைக் குனிந்து எடுக்க முடியாமல் தடியால் என் பக்கம் தள்ளினான், நான் எடுத்துக் கொடுத்தேன். "அந்த ஷாட்டு இருக்கட்டும். முய்சா இருக்கட்டும், ஒரு செகண்டு கொறைக்கக் கூடாது. எம் பொண்ணு பாக்கட்டும், கேட்டா அது இன்னா கையின்னு நானே சொல்லிக்கிறேன். நீயும் பாரு." ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் விட்டுக்கொடுக்காத 'நீங்க' அங்கே இல்லை. உள்ளே பேப்பர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள், கையெழுத்து இன்னும் ஆகியிருக்காது. நான் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். அதிகாரி பேனாவோடு நிமிர்ந்தார். அந்த ஷாட்டை எடுக்கலை சார், இருக்கட்டும் என்றேன். "என்ன சார் இது, அஞ்சு நிமிஷத்துக்குள்ள? யார் சொன்னாங்க, தயாரிப்பாளரா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

"விழுந்தவர்" என்றேன்.